கஞ்சியில் சிக்கிய விசைத்தறி

ஆசிரியருக்கு வணக்கம்.

1785-இல் எட்மண்ட் கார்ட்ரைட் விசைத்தறிக்குக் காப்புரிமை வாங்கியதும் இங்கிலாந்தில் கைத்தறி ஒழிந்துவிட்டது போல ஞாயிறு இணைப்பில் எழுதியிருக்கிறீர்கள். அப்படி நடக்கவில்லை. கார்ட்ரைட் ஒரு பாதிரியார். யாரும் தறி நெய்து அதுவரை பார்த்ததில்லை என்று அவரே ஒத்துக்கொண்டவர். முதல் தறியும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது! பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போட ஒவ்வொரு முறையும் தறியை நிறுத்த வேண்டும். அப்புறம் விசை எதற்கு?

பாவுக்கு முன்கூட்டியே கஞ்சி போட்டுக் காயவைக்கும் இயந்திரத்தை இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் ராட்கிளிஃபும் ஜான்சனும் 1803 வாக்கில் கொண்டுவந்தார்கள். அந்தப் பெயர்களைக் கட்டுரையில் காணோம். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் எனக்கு அதுதான் உறுத்தியது.

1813-இல்கூட பிரிட்டன் முழுக்கச் சுமார் 2,400 விசைத்தறிகள்தான். 1833-இல் ஒரு லட்சம். ஆனால் கைத்தறிக் கூலி அதற்கு வெகு முன்பே சரியத் தொடங்கிவிட்டது. 1808-லேயே குறைந்தபட்சக் கூலி கேட்டு மான்செஸ்டர் நெசவாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். தொழிலுக்குள் ஆள் அளவுக்கு மீறிச் சேர்ந்ததும் கூலி சரிந்ததற்கு ஒரு காரணம். எல்லாப் பழியையும் இயந்திரத்தின் மேல் போட முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்