23 நாள்காட்டித் தாள்கள்: ஒரு நன்றி மடல்

என் மாணவர்களுக்கும், உடன் பணியாற்றிய ஆசிரியர்களுக்கும், ஊராருக்கும் வணக்கம்.

நடந்தவை எல்லாம் உங்களுக்குத் தெரியும். மறுபடியும் எழுதி உங்களையும் என்னையும் வருத்த வேண்டியதில்லை. மருத்துவமனையிலிருந்து வீடு வந்து நான்கு நாள்கள் ஆகின்றன. பேனாவைப் பிடித்தால் கை இன்னும் நடுங்குகிறது என்றாலும், இந்த மடலை யாரிடமும் சொல்லி எழுதவைக்கக் கூடாது என்று பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறேன்.

இரத்தம் கொடுத்த முன்னாள் மாணவர்கள், நள்ளிரவில் வண்டி கொண்டுவந்தவர், கணக்குக் கேட்காமல் பணம் அனுப்பியவர்கள், என் மகளுக்குத் துணையாக மருத்துவமனை வராந்தாவில் இரவுகளைக் கழித்த ஆசிரியத் தோழிகள், மருத்துவர்கள், செவிலியர்கள் அனைவருக்கும் என் நன்றி. ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன். ஆனால் இம்மடலின் பெரும்பகுதியை ஒருவருக்கே கொடுக்கப்போகிறேன். தன் பெயரைப் போடக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், எழுத்தறியாப் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தந்த அறிவொளி இயக்கம் நடந்தபோது, பகலில் பள்ளியும் இரவில் அரிக்கேன் விளக்கடியில் வகுப்புமாக இருந்த ஆசிரியர்களுள் நானும் ஒருத்தி. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த அந்த நாள்களில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பவை கைகள். அ, ஆ என்று தொடங்காமல், புழங்கும் சொல்லை முதலில் காட்டி அதிலிருந்து எழுத்தைப் பிரித்துச் சொல்லித்தரும் முறையில் நான் கரும்பலகையில் எழுதிய ‘பட்டா’ என்ற சொல்லை, குவாரியில் கல் உடைத்துக் காய்த்துப்போன விரலால் தடவித் தடவிப் படித்தவர் இவர்.

இப்போது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ் நான் நடத்திவரும் மாலை வகுப்பு, நான் படுத்த அன்றே நின்றுபோயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்றாம் நாள், கஞ்சித் தூக்கோடு என் மகள் ஒரு தாளையும் நீட்டினாள். தினசரி நாள்காட்டியில் கிழித்தது, முன்பக்கம் தேதியும் இராசிபலனும், பின்பக்கம் பென்சிலில், “வந்தவர்கல் 11 பேர். நேற்றுப் படித்த பாடம் திரும்பப் படித்தோம்.” யாரும் கேட்காமலே அவர் வகுப்பைத் திறந்து, தனக்குத் தெரிந்த வரை வாசிக்கவைத்து, எனக்குக் கணக்கும் அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து நாள் தவறாமல் ஒரு தாள் வந்தது, மொத்தம் 23. மருந்துக்கு முகம் திருப்பிய நான் அந்தத் தாளுக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (‘வந்தவர்கல்’ என்பதைத் திருத்திவைத்தேன். பழக்கம் விடவில்லை.)

மழை கொட்டிய ஒரு நாளின் தாளில் இப்படி இருந்தது: “யாரும் வரல. நான் மட்டும். எட்டு மணி வரை லைட்டை அணைக்கல.”

அதைப் படித்ததும் எனக்குப் பழைய இரவொன்று நினைவுக்கு வந்தது. அறிவொளி வகுப்புக்கு அவர் ஒருவர் மட்டும் வந்திருந்தார். ஒருவருக்காக எதற்கு என்று விளக்கைத் தணித்துவிட்டு, நாளை வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். எட்டு மணி நேரம் கல் உடைத்தவரை இருட்டில் திருப்பி அனுப்பிய அந்த இரவை, என் பணி நிறைவு விழாவில் 34 ஆண்டுச் சேவை என்று எல்லோரும் புகழ்ந்தபோதுகூட நான் நினைத்துப் பார்க்கவில்லை. அவருக்கு நினைவிருக்கிறதா என்று தெரியாது. கேட்கும் துணிவும் வரவில்லை. இனி ஒருவர் மட்டுமே வந்தாலும் வகுப்பு முழு நேரமும் நடக்கும் என்று அந்தக் கட்டிலில் படுத்தபடியே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மா, உங்களுக்கு என் நன்றி. வரும் திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு வகுப்புக்கு வருகிறேன். வருகைப் பதிவேடு உங்களிடமே இருக்கட்டும். அதில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்