விவசாயிகள் சங்கம்: 2024–25 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, விவசாயப் பெருமக்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடைபெற்றன. வாய்க்கால் தூர்வாரக் கோரி மனு அளிக்கப்பட்டது. பொங்கலையொட்டி மூத்த உழவர்கள் கௌரவிக்கப்பட்டனர்.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, பயிர்க் காப்பீட்டுக் கணக்கு வகுப்பாகும். அது எதற்கு என்று சிலர் கேட்டதால் சற்று விரிவாகக் கூறக் கடமைப்பட்டுள்ளேன். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. ஆனால் இழப்பீடு பொதுவாக அவரவர் வயலைப் பார்த்து வருவதில்லை. கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரி விளைச்சலில் குறிப்பிட்ட சதவீதத்தை உத்தரவாத மகசூலாக வைத்து, சில வயல்களில் மாதிரிக்கு அறுத்து எடைபோடும் அறுவடைப் பரிசோதனையில் கிடைக்கும் மகசூல் அதற்கு எவ்வளவு குறைகிறதோ, அந்த விகிதத்தில் கிராமம் முழுவதற்கும் ஒரே அளவாக வருகிறது. நீரில் மூழ்கிய வயலைத் தனியாகப் பார்வையிடும் வசதியிலிருந்து நெல் 2018 இல் நீக்கப்பட்டிருந்ததால், இவ்வாண்டில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுக்கும் அந்தச் சில துண்டுகளே நமக்கு எல்லாமாக இருந்தன. நம் ஊரில் கயிறு கட்டி அளந்து, கதிரடித்து, நெல்லை எடைபோட்ட காலையில் நிர்வாகக் குழுவினரைத் தவிர ஒருவரும் வரவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

மழை அளவை வைத்துப் பணம் தரும், வானிலை சார்ந்த ஒப்பந்தங்களும் இனி நம்மைத் தேடி வரும். மழை ஒப்பந்தங்களுக்காக என்சிடிஇஎக்ஸ் பண்டகச் சந்தை 2025 ஜூனில் இந்திய வானிலை ஆய்வுத் துறையுடன் உடன்படிக்கை செய்துள்ளது. அத்தகைய ஒப்பந்தத்துக்கு நம்மிடம் கேட்கும் விலை சரியா என்று பார்க்கும் வழியை வகுப்பில் கீழ்க்கண்ட உதாரணத்தால் விளக்கினோம். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 15 வரை பெய்யும் மழை 300 மி.மீ.க்குக் குறைந்தால், குறையும் ஒவ்வொரு மி.மீ.க்கும் 40 ரூபாய், உச்சம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இதே ஒப்பந்தம் கடந்த 20 ஆண்டுகளும் இருந்திருந்தால் மொத்தம் 18,000 ரூபாய் கிடைத்திருக்கும் என்று மழைப் பதிவு காட்டுமானால், ஆண்டுச் சராசரி 900 ரூபாய். நிறுவனச் செலவுக்கு அதற்குமேல் சிறிது கேட்பது நியாயம். 1,800 கேட்டால் வாங்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்த 2016 போல முழுத்தொகை தரும் ஆண்டு ஒன்றுக்குப் பதில் தொகையே வராத ஆண்டு ஒன்று பட்டியலில் இருந்திருந்தால் அதே சராசரி 600 ஆகிவிடும் என்பதால், எத்தனை ஆண்டுப் பதிவை வைத்து விலை வைத்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

எந்த மழைமானியை வைத்துத் தொகை தருவார்கள் என்பது அதைவிட முக்கியம். நவம்பரில் ஒரு நாள் தாலுகா மழைமானியில் 70 மி.மீ. பதிவாக, நம் சங்கக் கட்டட மாடியில் 22 தான் இருந்தது. அங்குப் பெய்த மழையைக் காட்டி இங்குக் காய்ந்த பயிருக்குத் தொகை மறுக்கக் கூடாது என்று வாதாட நம்மிடம் சொந்தப் பதிவேடு வேண்டும். அதற்காகவே மழைமானி வாங்கப்பட்டது. இச்செலவைக் குறைகூறியவர்களில் பலர் ஆண்டுச் சந்தாவையே செலுத்தாதவர்கள்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டது. கையிருப்பு மிகக் குறைவு. சந்தா நிலுவை ஏறக்குறைய மழைமானிச் செலவுக்கு நிகராக உள்ளது. ஒத்துழைத்த வேளாண் துறை அலுவலர்களுக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் நன்றி.

மழை அளவைத் தினமும் காலை 8.30 மணிக்குக் குறிக்க வேண்டும்; ஒருநாள் விட்டாலும் பதிவேட்டின் நம்பகம் போய்விடும். நான் ஒருவனே இதைத் தொடர்வது கடினம். வடகிழக்குப் பருவம் தொடங்குமுன் இளைஞர்கள் இருவர் பெயர் கொடுத்தால், மழைமானியையும் பதிவேட்டையும் அவர்களிடம் ஒப்படைக்கத் தயாராக உள்ளேன்.

இங்ஙனம்,
செயலாளர்