ஒரு வகுப்பறைச் சாவி

எங்கள் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று மனு கொடுத்தாயிற்று. மூன்றுக்கும் "பார்க்கலாம்மா" என்றீர்கள். நான்காவதை ஊரே படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: பள்ளியின் ஒரு வகுப்பறைச் சாவி, மாலை 5 முதல் 7 வரை.

கொரோனாவில் 19 மாதம் பூட்டிக் கிடந்த தொடக்கப் பள்ளிகளையும், பள்ளி முடிந்த பின் பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் பாடம் சொல்லித் தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபரில் வந்த காரணத்தையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போதே தன்னார்வலராகச் சேர்ந்தவள் நான். முதலில் வாடகை வீட்டுத் திண்ணையில் வகுப்பு நடத்தினேன். "தினம் இத்தனை செருப்பா?" என்று வீட்டுக்காரர் கேட்டதும் மாரியம்மன் கோயில் வாசலுக்குப் போனோம்.

கார்த்திகையில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது ஐயா. தெருவிளக்கு எரிந்தால் எரியும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, ல எது ள எது என்று இன்னும் தடுமாறுகிறாள். நாக்கை மடித்து ஒலியைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். இருட்டில் எழுத்தை எப்படிக் காட்டுவது? புத்தகத்தைக் கண்ணோடு ஒட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, கதை சொல்லுங்க" என்கிறாள். கதை கேட்க ஆசைப்பட்டு அல்ல, இருட்டில் எழுத்து கண்ணுக்குத் தெரியாமல். போன செவ்வாய்க்கிழமை மழையில் பதினான்கு பயிற்சி நோட்டும் ஊறிவிட்டன. அன்றைக்கும் இருபதடி தள்ளிப் பள்ளி பூட்டித்தான் இருந்தது.

பொருள் காணாமல் போனால் யார் பொறுப்பு என்கிறார்கள். அந்த அறையில் இருப்பது கால் ஒடிந்த பெஞ்சும் ஓர் இந்திய வரைபடமும். தேர்தலுக்கு முதல் நாள் ராத்திரி அதே அறையில் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது. ஓட்டுப்போட இந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் பத்து வருஷம் ஆகும், அதனால் காத்திருக்கலாம் போலிருக்கிறது. மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு இவ்வளவு பேச்சா என்பவர்களும் உண்டு. சார்ட்டும் சாக்பீஸும் அதில்தான் வாங்குகிறேன். ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் பிள்ளைகளோடு போட்டோ எடுக்க வெளிச்சம் போதவில்லையாம்!

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரை நான் குறை சொல்லவில்லை. உங்களிடமிருந்து ஒரு வரி வந்தால் தருகிறேன் என்கிறார். அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறேன். பொறுப்புக்கு நானே கையெழுத்துப் போடுகிறேன். ஏழு மணிக்குக் கூட்டிப் பெருக்கிப் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறேன்.

தயவுசெய்து அந்தச் சாவியைக் கொடுக்கச் சொல்லுங்கள் ஐயா. புதன்கிழமை நாலே முக்காலுக்குப் பிள்ளைகளோடு பள்ளி கேட்டருகே நிற்பேன்.

இப்படிக்கு,
ஒரு தன்னார்வலர்