தடைக்காலத்தில் பேட்டரி சாகாமல் இருக்க: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள விசைப்படகு உரிமையாளர்களுக்கும் டிரைவர்மாருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 15 வந்துவிட்டால் மீன்பிடித் தடை, 61 நாளைக்குக் கடல் இல்லை. படகைக் கட்டிவிட்டு வலை, பலகை, பெயின்ட், எஞ்சின் என்று எல்லா வேலையும் பார்க்கிறோம். பேட்டரிப் பெட்டியை மட்டும் யாரும் திறப்பதில்லை. ஜூன் 14 ராத்திரி ஐஸும் டீசலும் ஏற்றி, ஆட்களும் ஏறிய பிறகு சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு செல்ஃப் நின்றுவிடுகிறது. வருஷா வருஷம் அந்த ராத்திரியில் எங்கள் கடைக் கதவைத் தட்டுகிறவர்கள் உண்டு. தட்டுங்கள், திறக்கிறோம். ஆனால் அந்த அவசரத்தில் புதுசு வாங்கிப் போகிறவர்களில் பல பேருக்குப் பழைய பேட்டரியே இன்னும் இரண்டு வருஷம் ஓடியிருக்கும். அந்தப் பணம் வீணாவதைப் பார்க்க மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறோம்.

ஈயத் தகடும் ஆசிடும் உள்ள பேட்டரி சார்ஜ் குறைந்தபடியே கிடந்தால், தகட்டின் மேல் சல்பேட் வெள்ளையாகப் படியும். நாலைந்து நாளில் திரும்ப சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் கெட்டியாகி, அப்புறம் எந்த சார்ஜருக்கும் மசியாது. உழைத்துத் தேய்ந்த பேட்டரியை விட இப்படிச் சும்மா கிடந்து செத்த பேட்டரியைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம்.

"எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டேனே, எப்படி இறங்கும்?" என்று கேட்பீர்கள். பேட்டரி தானாகவே கொஞ்சம் இறங்கும், எஞ்சின் அறைச் சூட்டில் இன்னும் வேகமாக இறங்கும். அதோடு ஏதாவது ஒரு கருவி சத்தமில்லாமல் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். அது வெறும் 50 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர். 61 நாளில் 73. உங்கள் 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பாதி அதிலேயே போய்விட்டது. படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் தானாக ஓடுகிற படகில் கேட்கவே வேண்டாம்.

வாரம் ஒரு தடவை எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓட்டிவிடுகிற பழக்கம் பல பேரிடம் இருக்கிறது. எஞ்சினுக்கு நல்லதாக இருக்கலாம், பேட்டரிக்குப் போதாது. முக்கால்வாசி வரை பேட்டரி சார்ஜை வேகமாக வாங்கும். கடைசிக் கால்வாசியை மெதுவாகத்தான் வாங்கும், அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். எஞ்சினோடு சுற்றி சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பத்து நிமிஷத்தில் அந்தப் பக்கமே போகாது. டீசல் எரிந்ததுதான் மிச்சம்.

கரையிலிருந்து வயர் இழுக்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறோம். ஒன்றோடொன்று நாலைந்து படகு அணைத்துக் கட்டியிருக்கும் இடத்தில், வீட்டு எக்ஸ்டென்ஷன் வயர் ஈரத் தளத்தின் மேல் கிடந்து, இரண்டு படகு உரசும் இடத்தில் நசுங்கி உரிந்துபோகிறது. 230 வோல்ட்டும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் ஆள் போய்விடும்.

சரி, என்னதான் செய்வது? வீல் ஹவுஸ் (படகு ஓட்டும் அறை) கூரையில் சின்னதாக சோலார் பேனல் போடுங்கள். இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்த 24 வோல்ட் படகுக்கு, 12 வோல்ட் பேட்டரிக்கான 20 வாட் பேனல் இரண்டைத் தொடராக இணைத்தாலே நம் ஊர் வெயிலில் நாளைக்கு 4 ஆம்பியர்-ஹவர் கிடைக்கும். கட்டிக் கிடக்கும் படகுக்கு அது போதும். 50 வாட்டாக வாங்கினால் சுமார் 10 கிடைக்கும், கடலில் ராத்திரி எல்இடி விளக்குக்கும் ஆகும். அதற்கு மேல் பெரிசாக வாங்கச் சொல்லி நாங்கள் வற்புறுத்த மாட்டோம்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம் வேண்டும். இரண்டு பேனல் தொடரில் வெறும் வெயிலில் 40 வோல்ட்டைத் தாண்டும். நேரே பேட்டரிக்குக் கொடுத்தால் நிறைந்த பிறகும் கொதித்துக்கொண்டே இருந்து தண்ணீர் வற்றிவிடும். கன்ட்ரோலர் 28.8 வரை ஏற்றி, நிறைந்ததும் 27 சொச்சத்துக்கு இறக்கிப் பிடித்துக்கொள்ளும். மாட்டும்போது பேட்டரி வயரை முதலில் கொடுங்கள், பேனலை அப்புறம். கழற்றும்போது பேனல் முதலில். பிளஸ் வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கட்டும்.

பேனல் மேல் வலையைக் காயப் போடாதீர்கள். உள்ளே செல்கள் எல்லாம் வரிசையாகக் கோத்திருப்பதால், பாய்மரக் கம்பத்தின் நிழல் ஒரு ஓரத்தில் விழுந்தாலே வரும் கரண்ட் பெரும்பாலும் படுத்துவிடும். காக்கை எச்சத்தையும் உப்புப் படிவையும் காலையில், கண்ணாடி சூடேறும் முன்னால் நல்ல தண்ணீரில் கழுவி விடுங்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எங்களுக்கு ரொம்ப முக்கியம். போன தடைக்காலம் முடிந்ததும் ஒருவர் இரண்டு பேட்டரி தூக்கி வந்தார். ஒரே நாளில் வாங்கியவை. "அண்ணே, ஒண்ணு நல்லா இருக்கு, ஒண்ணு செத்துப்போச்சு, கம்பெனி சரியில்லை" என்றார். வோல்ட் மீட்டரை வைத்தோம். ஒன்றில் 12.7, மற்றதில் 11.6. மூடியைத் திறந்தால், 12.7 காட்டியதில் தண்ணீர் வற்றித் தகடுகளின் தலை வெளியே தெரிந்தது. 11.6 காட்டியதில் தண்ணீர் நிறைய இருந்தது, ஆனால் ஆசிடின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரின் மிதவை அடியிலேயே படுத்துக் கிடந்தது, அதாவது சார்ஜே இல்லை. கம்பெனியில் குறை இல்லை. படகு 24 வோல்ட், வயர்லெஸ் செட்டும் ஜிபிஎஸ்ஸும் 12 வோல்ட். யாரோ எர்த் பக்கத்துப் பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒன்று மட்டும் தினமும் இறங்குகிறது. ஆல்டர்னேட்டருக்கு இரண்டும் சேர்ந்த மொத்தம்தான் தெரியும். அதனால் இறங்கினது பசியோடே கிடக்க, நிறைந்தது மேலும் மேலும் வாங்கிக் கொதிக்கிறது. இரண்டும் இரண்டு விதமாகச் சாகின்றன. பேனல் போட்டாலும் இந்த வியாதி தீராது. 24-ஐ 12 ஆக்கும் ஒரு கன்வெர்ட்டர் வைத்து இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாக எடுத்தால்தான் தீரும். உங்கள் படகில் எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆசிட் ஊற்றினால் ஹைட்ரோமீட்டர் நல்லதாகக் காட்டும், தகடு உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். இரும்புப் படகில் வெல்டிங் வைத்தால் பேனல், பேட்டரி, கன்ட்ரோலர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். டெர்மினலில் பச்சை பூத்திருந்தால் சுரண்டி எடுத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

பேனல் போட இப்போது வசதி இல்லையா? பரவாயில்லை. படகைக் கட்டிய வாரமே கடைக்குக் கொண்டுவந்து முழு சார்ஜ் ஏற்றுங்கள். திரும்ப வைத்து, மைனஸ் வயரைக் கழற்றி விடுங்கள். ஆனால் பில்ஜ் பம்ப் தானாக ஓடும் படகில் கழற்றக் கூடாது, படகு முழுகிவிடும். மே நடுவில் ஒரு தடவை ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். 12.4-க்குக் கீழே இருந்தால் மறுபடி சார்ஜ் ஏற்ற வேண்டும். 12.6 இருந்தால் கவலையே வேண்டாம்.

ஒரு பேட்டரி நாற்பது கிலோவை ஒட்டி வரும். தோளில் வைத்துப் பலகை மேல் நடக்கிற கஷ்டம் எங்களுக்குத் தெரியும். அதனால் தடைக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மீட்டரும் ஹைட்ரோமீட்டரும் எடுத்துக்கொண்டு நாங்களே ஜெட்டிக்கு வருகிறோம். அளந்து பார்க்கக் காசு இல்லை. பெட்டி மூடியைத் திறந்து, மேலே கிடக்கும் கயிறையும் சாக்கையும் எடுத்து வையுங்கள். போதும்.

இப்படிக்கு,
உங்கள் பேட்டரிக் கடையிலிருந்து