கீரையை வாங்கிய அன்றே சமைத்துவிடு

அன்பு மகனுக்கு,

மூன்று வாரங்களுக்கு முன் நீ பேசியபோது உனக்குப் பின்னால் மேசையில் அடுக்கியிருந்த காகித டப்பாக்களை எண்ணினேன். ஆறு இருந்தன. நான் பார்ப்பதை நீ கவனித்துவிட்டாய் போலும், அன்று முதல் உன் கேமரா வேலை செய்வதில்லை. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்கிறாய். என்ன சாப்பிட்டாய் என்றால் பேச்சு வேலைக்குத் திரும்புகிறது. வேலையைப் பற்றிக் கேட்டால் உனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. ஆகையால் இந்தக் கடிதத்தில் நான் எதையும் கேட்கப்போவதில்லை. காய்கறிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உன் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் சனிக்கிழமைதோறும் உழவர் சந்தை கூடுகிறது என்று குடிபோன புதிதில் நீயே சொன்னாய். இந்தச் சனிக்கிழமை ஒரு முறை போய் வா. என்ன சமைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போகாதே. விற்பவரே விளைவித்தவராக இருந்தால், இன்று காலை பறித்தது எது என்று கேட்டு அதை வாங்கு. இரண்டு வேளைக்கு மேல் வாங்காதே. நிறைய வாங்கி வீணாக்கிவிட்டு, சமையல் நமக்குச் சரிப்படாது என்று முடிவு கட்டுவது உன் வழக்கம், நான் அறிவேன். கீரையை மட்டும் வாங்கிய அன்றே சமைத்துவிடு.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே பையோடு குளிர்பெட்டியில் தள்ளாதே. தக்காளி அங்கே போனால் மணம் குன்றிவிடும், வெளியிலேயே இருக்கட்டும். பழுக்கிற தக்காளி, ஆப்பிள், வாழைப்பழம் ஆகியவை எத்திலீன் என்னும் வாயுவை விடுகின்றன. அது பக்கத்தில் இருக்கும் கீரையை விரைவில் மஞ்சளாக்கிவிடும் என்பதால் இரண்டையும் தள்ளி வை. கேரட்டைத் தழையோடு தந்தால் தழையை உடனே நறுக்கிவிடு, இல்லையேல் அது கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிக் கேரட் துவண்டுபோகும். உருளைக்கிழங்கு வெளிச்சம் படாத இடத்தில் இருக்க வேண்டும். பச்சை படர்ந்து கசக்கும் கிழங்கை உண்ணாதே. சோளக்கதிர் கிடைத்தால் அன்று மாலையே வேகவைத்துவிடு, பறித்த நொடியிலிருந்து அதன் இனிப்பு மாவுச்சத்தாக மாறிக்கொண்டே இருக்கிறது.

சமைப்பதில் கடினம் ஏதுமில்லை. பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கீரையை அலசி, தண்ணீரைக் கவிழ்க்காமல் கீரையை மட்டும் கையால் அள்ளி எடு. மண் அடியில் தங்கிவிடும். பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு எண்ணெயில் போடு, நசுக்கியபின் உண்டாகும் அதன் சத்துக்கு அந்த நேரம் வேண்டும். பூண்டு மணம் வந்ததும் கீரையைப் போட்டுக் கிளறினால், இலையில் ஒட்டியிருக்கும் நீரே அது வேகப் போதும். தனியாகத் தண்ணீர் ஊற்றி வேகவைத்து அந்த நீரைக் கொட்டினால் வைட்டமின் சி-யில் ஒரு நல்ல பகுதி அதோடு போய்விடும். வேலை முடிந்து களைத்து வரும் நாளில் தக்காளியை எண்ணெயில் நன்றாகக் குழைய வதக்கி, அதில் இரண்டு முட்டை உடைத்து ஊற்றி மூடிவை. வெந்த தக்காளியின் சிவப்புச் சத்தை எண்ணெயோடு சேரும்போது உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும், உனக்கும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. சிவப்புக் காராமணி போன்ற பெரிய ராஜ்மா பயறு வாங்கினால் மட்டும் உன் அவசரத்தைக் காட்டாதே. இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிட்டு, அதன் பிறகே மெதுவாக வேகவிடு. அரைவேக்காட்டில் தின்றால் கடுமையாக வாந்தி எடுக்கும். மிஞ்சிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே.

உனக்கு இதெல்லாம் வராது என்று நினைக்கவில்லை. பதினான்கு வயதில் அத்தை வீட்டில் நீ செய்த முட்டையை எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அவ்வளவு பக்குவம் இந்த வீட்டில் வேறு யாருக்கும் இல்லை என்று அத்தை இன்றும் சொல்கிறாள். அப்படிப்பட்ட கை டப்பாக்களைத் திறந்துகொண்டிருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. கீரையை வாங்கிய அன்றே சமைத்துவிட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, அதை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனமில்லை.

அம்மா போன பிறகு இரண்டு வருடம் நான் உனக்கு வெளியிலிருந்தே உணவு வாங்கி வந்தேன். எனக்குச் சமைக்கத் தெரியாது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மையல்ல, ஓரளவு தெரியும். அவள் நின்ற இடத்தில் நிற்க என்னால் முடியவில்லை. ஒரு மாலை நீ பள்ளியிலிருந்து வரும் வழியில் ஒரு கட்டுக் கீரை வாங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் பழக்கூடைக்குப் பக்கத்தில் வைத்தாய். எதற்காக வைத்தாய் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் பார்க்காதவன்போல் இருந்தேன். மூன்றாம் நாள் அது மஞ்சளாகி அழுகத் தொடங்கியதும், நீ தூங்கியபின் எடுத்துக் குப்பையில் போட்டேன். மறுநாள் நீ கூடைப் பக்கம் பார்த்தாய், எதுவும் கேட்கவில்லை. அதன் பிறகு நீ எதையும் வாங்கி வரவில்லை. களைத்து வந்தால் டப்பாவைத் திறக்க உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான், கண்ணா.

நீ வெளியூர் போன பிறகுதான் நான் அந்த அடுப்பின் முன்னால் நின்றேன். இப்போது வாரத்தில் ஐந்து நாள் சமைக்கிறேன். முதன்முதலில் சமைத்ததும் கீரைதான், உப்பு அதிகமாகிவிட்டது, ஆனாலும் முழுவதையும் சாப்பிட்டேன்.

நீல வாணலியை நேற்றுப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எனக்கு வேறொன்று வாங்கிக்கொண்டேன், திருப்பி அனுப்பாதே. கைப்பிடியின் திருகாணி இன்னும் ஆடுகிறது. அடுப்பில் வைப்பதற்கு முன் அதை ஒரு முறை முறுக்கிவிடு.

அன்புடன்,
அப்பா