பேச வேண்டாம், மெசேஜ் போடு

பாப்பா,

நேத்து போன்ல "நல்லாத்தாம்மா இருக்கேன்"னு கிசுகிசுன்னு சொன்னியே, அதுலயே தெரிஞ்சுபோச்சு. இனிமே அப்படியும் பேசாத, கிசுகிசுக்கறதும் தொண்டைக்கு ஸ்ட்ரெயின்தானாம். மூக்கு வழியா கேமரா விட்டுப் பாத்தாச்சு, குரல்நாண்ல கட்டி இல்ல, புண்ணு இல்லன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு நான் சந்தோஷத்துல "அப்போ அடுத்த வாரம் உன் பாட்டு ஷோ பண்ணிடலாம்ல"ன்னு கேட்டுட்டேன் பாரு, அத நெனச்சு மூணு நாளா தூக்கமில்ல. கட்டியும் இல்ல புண்ணும் இல்லன்னா ஏன் குரல் வரல, அதத்தான நான் கேட்டிருக்கணும்.

அப்புறம் உன் ரூம் கதவுல இன்னும் ஒட்டியிருக்கே, செம்பட்ட முடிய நட்டுக்கா நிக்கவெச்ச பொண்ணு, லா ரூங்கற பேர்ல பாடற பிரிட்டன் பாடகி எல்லி ஜாக்சன், அவளப் பத்தி உக்காந்து படிச்சேன். பன்னெண்டு வயசுல அவ பாட்டயே திருப்பித் திருப்பிப் போட்டு நீ என் உயிர வாங்குனப்போ "என்னடி இது, கீச்சு கீச்சுன்னு"ன்னு திட்டுனவதான் நான். 2009ல முத ஆல்பம், பிரிட்டன்ல நம்பர் ஒன் பாட்டு, 2011ல கிராமி அவார்டு, இவ்வளவு நடந்த நேரத்துலயே அந்தப் புள்ளைக்கு அந்தக் கீச்சுக் குரலே வராமப் போயிருக்கு, உடம்புல கோளாறு ஒண்ணுமில்ல, பாடற பதட்டந்தான்னு டாக்டருங்க சொல்லியிருக்காங்க. அடுத்த ஆல்பம் 2014ல. அஞ்சு வருஷம்! உனக்கு நான் குடுத்தது ஒரு வாரம்.

பாடறப்ப சுருதி மேல போகப் போக குரல்நாண் மெல்லிசா இழுபடணுமாம், பயம் வந்தா சுத்தியிருக்கற தசையெல்லாம் இறுக்கிப் பிடிச்சுக்குதாம். பரீட்சைன்னா நீ பேனாவ அழுத்திப் பிடிச்சு விரல் நுனி வெளுத்துப்போயிருக்கும், எழுத்து ஓடாது, ஞாபகமிருக்கா? இப்போ தொண்டை அப்படிப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்னு எனக்குத் தோணுது. உன் மியூசிக்ல இன்னொரு தொல்லை, அந்த சிந்தசைசர் மெஷினுக்கு சளி பிடிக்காது, மூச்சு வாங்காது, ஒரு பீட் தவறாம ஓடிக்கிட்டே இருக்கும், அது கூட ஓட வேண்டியவ நீ. ரெண்டு கட்டை எறக்கிப் பாடினா என்னடி? பாட்டு எழுதுனதே நீ, யார்கிட்ட பர்மிஷன் கேக்கணும்?

ஸ்பீச் தெரபி மட்டும் போதும்னு நிக்காத, மனசுக்கும் ஒருத்தரப் பாரு, காசு நான் போட்டு விடறேன். கேன்சல் ஆன ஷோவுக்கு எவனாவது திட்டி எழுதுனா படிக்காத, அவனா வந்து பாடப்போறான்.

உன் குட்டி கீபோர்ட எடுத்துத் தொடச்சேன், நடுவுல மூணு கீ அழுந்த மாட்டேங்குது, ரிப்பேருக்குக் குடுக்கவா அப்படியே வைக்கவா? மெசேஜ்ல சொல்லு, பேச வேண்டாம்.

அம்மா