சனிக்கிழமை கம்பளி மணி உருட்டுகிறோம்

எல்லோருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு, மாடிக் கூடத்தில், கம்பளியை வெந்நீரும் சோப்பும் சேர்த்து இறுக உருட்டி, நகைக்கான மணி செய்யப் பழகலாம்.

1. மெரினோ என்ற செம்மறி ஆட்டின் கம்பளி வாங்கியாச்சு. தலைக்கு 100 ரூபாய்.
2. கிண்ணம், பழைய துண்டு கொண்டு வாருங்கள். வெந்நீரும் சோப்பும் இங்கே உண்டு.
3. வீட்டிலிருக்கும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல் வேண்டாம். எவ்வளவு உருட்டினாலும் இறுகாது.
4. முதலில் கை படாத மாதிரி மெதுவாக உருட்ட வேண்டும். லட்டு பிடிக்கிற அழுத்தமெல்லாம் அப்புறம்தான். அவசரப்பட்டு என் முதல் மணி வெடித்த கொழுக்கட்டை மாதிரி ஆனது!
5. எலுமிச்சை அளவு கம்பளி சின்ன நெல்லிக்காயாகச் சுருங்கிவிடும். காய ஒரு நாளாவது ஆகும். அதனால் ஊசியில் கோப்பது திங்கள் மாலை.

வியாழன் இரவுக்குள் பெயரும் எத்தனை பேர் என்பதும் எழுதுங்கள். வெறும் கட்டைவிரல் போட்டால் கணக்கில் வராது.